சும்மா ஏறுகிற மலை

தமிழர்கள் மலை ஏறுவதற்கு நெடுங்காலமாக இரண்டே காரணங்கள்தான் இருந்தன. ஒன்று வேண்டுதல், மற்றது கூலி. பழனிக்கும் சதுரகிரிக்கும் வெள்ளியங்கிரிக்கும் முதல் காரணத்துக்காக ஏறினோம். வால்பாறையிலும் நுவரெலியாவிலும் கேமரன் மலையிலும் இரண்டாவது காரணத்துக்காக ஏறினோம், ஏற்றப்பட்டோம். இரண்டும் இல்லாமல் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணிப் போத்தலும் இரண்டு வாழைப்பழமுமாகக் கிளம்பினால், "எதுக்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். "சும்மா" என்பதைத் தவிர அதற்குச் சொல்ல என்னிடம் வேறு பதில் இல்லை.

இந்தக் கட்டுரை அந்தச் சும்மாவைப் பற்றியது. காரணமில்லாமல் ஒரு மலையில் ஏறி நிற்க யாருக்குத் தகுதி உண்டு? அந்தத் தகுதி எங்கிருந்து வருகிறது? கேள்வி சின்னதுதான். ஆனால் சில வருடங்களாகப் பினாங்கில் பஸ் பிடித்தே மலைக்குப் போய்க்கொண்டிருக்கும் எனக்கு, நடக்க நடக்க அது பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறது.

ஜார்ஜ் டவுனில் கார் இல்லாதவர்கள் காட்டுக்குப் போவது கஷ்டமே இல்லை. கொம்தாரில் நின்றால் போதும். 204-ஆம் எண் பஸ் ஆயர் ஈத்தாம் வழியாகக் கொடிமலை ரயிலின் அடிவார நிலையத்தில் கொண்டுபோய் விடும். மலாயில் புக்கிட் பெண்டேரா, ஆங்கிலத்தில் பினாங்கு ஹில், நமக்குக் கொடிமலை. 833 மீட்டர் உயரம். 10-ஆம் எண் பஸ் 1884-இல் உருவான தாவரவியல் பூங்காவுக்குப் போகும். பூங்காவுக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரத்தில் வட்டமாக ஒரு வாசல் நிற்கும், மூன் கேட். அதற்குள் நுழைந்தால் கொடிமலைக்கு ஏறும் பாதை தொடங்கிவிடும். 101-ஆம் எண் கடலோரமாகவே பத்து ஃபெரிங்கியைத் தாண்டி தெலுக் பஹாங்குக்குப் போகும். அங்கே 2003-இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவின் வாசல். ஒரு பாதை 1883-இல் கட்டப்பட்ட முக்கா ஹெட் கலங்கரை விளக்கத்துக்கு ஏறுகிறது. இன்னொன்று காட்டைக் குறுக்கே கடந்து, ஆமைகள் முட்டையிட வரும் கெராச்சுட் கடற்கரையில் இறங்குகிறது. அந்தக் கடற்கரைக்குப் பின்னால் ஒரு ஏரி. வருடத்தின் ஒரு பகுதியில் அதன் மேல் அடுக்கில் நன்னீரும் கீழ் அடுக்கில் கடல்நீரும் கலக்காமல் கிடக்கும்.

"காடி இல்லாம எப்படிப் போற?" என்று கேட்பவர்களிடம் நான் ஒப்பிக்கும் பட்டியல் இது. காடி இல்லாததில் ஒரு லாபமும் உண்டு. காரில் வந்தவர் எவ்வளவு தூரம் நடந்தாலும் காரை நிறுத்திய இடத்துக்கே திரும்பியாக வேண்டும். பஸ்ஸில் வந்தவளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மூன் கேட்டில் ஏறி ஆயர் ஈத்தாம் பக்கம் இறங்கலாம். மலையின் இந்தப் பக்கம் ஏறி, மறுபக்கத்து ஊர் ஒன்றில் தே ஓ குடித்துவிட்டு வேறு எண் பஸ்ஸில் வீடு திரும்பலாம். எந்தப் பக்கம் இறங்கினாலும் அங்கே ஒரு பஸ் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்தச் சுதந்திரம் நிற்கிறது. அதாவது, தனியாக நடக்கிற என் நடையைத் தாங்கி நிற்பது ஊரே சேர்ந்து செலவழிக்கும் ஒரு ஏற்பாடு.

இங்கேதான் நடக்கிறவர்களின் பெருமையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. மூன் கேட்டிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரம் ஏறி, சட்டை பிழிய வியர்த்து, உச்சிக்கு வந்து சேரும்போது, ரயிலில் சில நிமிடங்களில் வந்து இறங்கிய கூட்டம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நிற்கும். உடனே மனதுக்குள் ஒரு குரல் எழும். இவர்களும் நானும் பார்ப்பது ஒரே ஜார்ஜ் டவுன் இல்லை, நான் உழைத்து வாங்கிய காட்சி இது, இவர்கள் டிக்கெட் எடுத்து வாங்கியது. என்னோடு நடக்கும் நண்பர்கள் இதைச் சத்தமாகவே சொல்வார்கள். தாவரவியல் பூங்கா பக்கத்திலிருந்து கொடிமலைக்கு கேபிள் கார் அமைக்கும் திட்டம் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் சத்தம் இன்னும் கூடும். காட்டுக்கு என்ன ஆகும், கூட்டம் என்ன ஆகும் என்ற கவலைகள் அதில் உண்டு, அவை நியாயமானவை. ஆனால் அவற்றோடு சேர்ந்து இன்னொன்றும் ஒலிக்கும்: "நோகாம வர்றவனுக்கு எதுக்குடா மலை?"

உழைத்தவருக்கே உரிமை என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் ஜான் லாக் உடைமைக்குச் சொன்ன விளக்கமே ஏறக்குறைய இதுதான். யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றில் நீ உன் உழைப்பைக் கலந்தால் அது உன்னுடையதாகிறது. சரி, அந்தக் கணக்கைக் கொடிமலைக்குப் போட்டுப் பார்ப்போம்.

1786-இல் பினாங்கில் கொடி ஏற்றிய ஃபிரான்சிஸ் லைட், சில வருடங்களுக்குள்ளேயே ஸ்ட்ராபெர்ரி வளர்ப்பதற்காக மலைக்குப் பாதை போட வைத்தார். ஸ்ட்ராபெர்ரி ஹில் என்ற பெயர் இன்றும் இருக்கிறது. காய்ச்சலுக்குப் பயந்த கம்பெனி அதிகாரிகள் உடம்பு தேற மலைக்குப் போனார்கள், பங்களாக்கள் எழுந்தன. முதலில் போடப்பட்ட மலை ரயில் ஓடாமலே தோற்றது. இரண்டாவது முயற்சியில் 1923-இல்தான் ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன் நூறு வருடங்களுக்கு மேலாக மேலே போனவர்கள் எப்படிப் போனார்கள்? சிலர் குதிரையில் போனார்கள், சிலர் டோலியில். டோலி என்றால் மூங்கில் கழியில் கட்டிய நாற்காலி. அதைத் தோளில் சுமந்துகொண்டு கூலிகள் ஏறினார்கள். 1790-களிலிருந்தே இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் பினாங்குக்கு வந்துகொண்டிருந்தார்கள். இந்தத் தீவின் சாலை வேலைகளில் அவர்கள் கைகள் உண்டு.

உழைப்பைக் கலந்தால் உரிமை வரும் என்றால், இந்த மலை அந்தத் தோள்களுக்குச் சொந்தமாகியிருக்க வேண்டும். என்னைவிட, என் நண்பர்களைவிட, யாரைவிடவும் அதிகமாக வியர்த்தவர்கள் அவர்கள். ஒரு முறை இல்லை, தினமும். ஆனால் மேலே வந்து சேர்ந்ததும் அவர்களுக்குக் காட்சி கிடைத்ததா? நாற்காலியில் உட்கார்ந்து வந்தவர் கடலைப் பார்க்க, தூக்கி வந்தவர் அடுத்த சுமைக்குக் கீழே இறங்கினார். பங்களாக்களுக்கு இங்கிலாந்துப் பெயர்கள் உண்டு. தூக்கியவர் பெயரில் ஒரு வளைவுகூடக் கிடையாது.

ஆகவே வியர்வை தானாக எதையும் தருவதில்லை. என் வியர்வைக்கும் அவர் வியர்வைக்கும் உப்பில் வித்தியாசம் இல்லை. நான் வேண்டாமென்று சொல்லியிருக்கலாம், பாதி வழியில் திரும்பியிருக்கலாம், மழை வந்தால் வராமல் இருந்திருக்கலாம். அவரால் முடியாது. நான் பெருமைப்படுவது உழைப்பைப் பற்றி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் என்னிடம் இருப்பது விருப்பப்படி உழைக்கும் சலுகை. சலுகையைச் சாதனை என்று எண்ணிக்கொண்டால், ரயிலில் வந்த பாட்டியைப் பார்த்து உதடு பிதுக்கத் தோன்றும். அந்தப் பாட்டிக்கு முழங்கால் வலி. அவர் பேரனுக்குச் சக்கர நாற்காலி. ரயில் இல்லாவிட்டால் அவர்களுக்கு அந்த மலையே இல்லை.

இந்த உதடு பிதுக்கலுக்கு ஒரு புகழ்பெற்ற முன்னோடி உண்டு. 1844-இல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்கு, கெண்டலிலிருந்து விண்டர்மியருக்கு, ரயில் பாதை போடும் திட்டம் வந்தது. அதை எதிர்த்துப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த். இயற்கையைப் பாடியே பெயர் பெற்றவர், எளிய மனிதர்களைக் கவிதைக்குள் கொண்டுவந்தவர். மலையையும் ஏரியையும் ரசிக்கும் கண் பிறவியிலேயே வந்துவிடாது, அது பழகிப் பழகி வருவது என்பது அவர் வாதம். தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாக ரயிலில் கொண்டுவந்து இறக்கினால் அவர்களுக்கும் பயனில்லை, இடமும் கெடும். முதலில் தங்கள் ஊர்ப் பக்கத்து வயல்களில் உலாவிப் பழகட்டும் என்றார். 1847-இல் ரயில் வந்துவிட்டது.

இதை வெறும் மேட்டிமை என்று ஒதுக்கிவிட முடியவில்லை. ரசனை பழக்கத்தில் வருகிறது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. முதல் முறை காட்டுக்குள் போனபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் அட்டையும் கொசுவும்தான். தூரத்தில் கத்துவது லங்கூர் குரங்கு என்றும், பக்கத்தில் உறுமுவது சிக்காடா என்றும் பிரித்துக் கேட்க வருடங்கள் ஆயின. ஆனால் பழக்கம் எப்படி வரும்? திரும்பத் திரும்பப் போனால் வரும். திரும்பத் திரும்பப் போக எது வேண்டும்? போகிற வழி மலிவாக இருக்க வேண்டும். வேர்ட்ஸ்வொர்த் ரசனை இல்லை என்பதைக் காட்டி வழியை அடைக்கப் பார்த்தார். வழி இல்லாததால்தான் அந்த ரசனை வளரவில்லை என்பது அவர் கண்ணில் படவில்லை.

அந்த வழியைத் தாங்களே திறந்துகொண்டவர்களும் அதே நாட்டில்தான் இருந்தார்கள். 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் சில நூறு பேர் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்துக்குள் நுழைந்தார்கள். பிரபுக்கள் பறவை வேட்டைக்காக வேலி போட்டுக் காவல் வைத்திருந்த இடம் அது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949-இல் அங்கே தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-இல் அந்த மேட்டு நிலம் நாட்டின் முதல் தேசியப் பூங்காவுக்குள் சேர்ந்தது. வாரம் முழுக்க ஆலையில் நின்ற கால்கள், ஒரு நாள் சும்மா நடப்பதற்காகச் சிறைக்குப் போயிருக்கின்றன. சும்மா அவ்வளவு சும்மா இல்லை.

கூட்டத்தைப் பற்றிய கவலைக்கு என்ன பதில்? கூட்டம் காட்டைக் கெடுக்கும்தான். ஆமை முட்டையிடும் கரையில் ஆயிரம் பேர் நிற்க முடியாது. கொடிமலையும் அதைச் சுற்றிய காடும் கடலும் 2021-இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகப் பட்டியலில் சேர்ந்திருக்கின்றன. அதற்கொரு பொறுப்பு இருக்கிறது. அளவு வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். எதை அளப்பது என்பதில்தான் நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2024 மே மாதம் முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. 2025 ஏப்ரலில் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000. இந்த ஏற்பாட்டில் குறைகள் இருக்கலாம். ஆனால் அதன் அடியில் இருக்கும் எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. மலைக்குப் பாரமாவது ஆள் மட்டும் இல்லை, அந்த ஆள் தன்னோடு இழுத்துவரும் இரும்பும்தான் என்கிறது அது. டிக்கெட் விலையை ஏற்றிக் கூட்டத்தைக் குறைத்தால் முதலில் கழிபவர் ஏழை. கார்களை எண்ணிக் குறைத்தால் பஸ்ஸில் வருபவருக்கு இடம் மிஞ்சும்.

இதுவரை சொன்னதெல்லாம் எனக்குச் சுலபமான பகுதி. நான் பஸ்ஸில் போகிறவள், பஸ் நல்லது என்று வாதாடுவதில் எனக்குச் சிரமமில்லை. சிரமம் அந்த பஸ்ஸுக்குள்ளேயே இருக்கிறது.

ஞாயிறு காலை 101-இல் ஏறினால் மலைக்குப் போகிறவர்கள் நாலைந்து பேர் இருப்போம். மற்றவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். பத்து ஃபெரிங்கி ஹோட்டல்களில் படுக்கை விரிப்பவர்கள், பாத்திரம் கழுவுபவர்கள், தோட்ட வேலை செய்பவர்கள். தமிழ், மலாய், வங்காளம், நேபாளி எல்லாம் காதில் விழும். என் அத்தை ஒருவரும் அந்த பஸ்ஸில் வருவார். ஹோட்டல் ஒன்றில் அறை சுத்தம் செய்கிறார்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"மலைக்கு, அத்தை."

"கோயிலுக்கா?"

"இல்ல, சும்மா நடக்க."

அத்தை என் காலணியைப் பார்த்தார். அப்புறம் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். "நாங்க உள்ளுக்குள்ளேயே அவ்வளவு நடக்கிறோம். எண்ணினா நாங்களும் ஒரு மலை ஏறியிருப்போம்," என்று சிரித்தார். பத்து ஃபெரிங்கியில் இறங்கிவிட்டார். பஸ் வளைந்து வளைந்து தெலுக் பஹாங்குக்குப் போனது.

ஓய்வுதான் உழைப்பின் இலக்கு என்று அரிஸ்டாட்டில் சொன்னார். ஓய்வில்தான் மனிதன் சிந்திக்கிறான், நல்ல வாழ்க்கை வாழ்கிறான் என்றார். அவர் காலத்து ஏதென்ஸில் அந்த ஓய்வை அடிமைகள் சுமந்தார்கள். டோலிக்கும் அதற்கும் வடிவத்தில்தான் வித்தியாசம். என் ஞாயிற்றுக்கிழமையை யார் சுமக்கிறார்கள்? பஸ் ஓட்டுநர், நான் இறங்கியதும் நாசி லெமாக் வாங்கும் ஒட்டுக்கடை அக்கா, வழியைப் பெருக்கி வைத்த பூங்கா ஊழியர். இவர்களில் யாருக்கும் அன்று ஞாயிறு இல்லை.

பஸ்ஸையும் டோலியையும் ஒன்றாக்கிவிடவும் முடியாது. டோலியில் ஒருவரைப் பலர் சுமக்கிறார்கள், சுமந்தவருக்கு ஒருநாளும் அந்த நாற்காலி கிடைக்காது. பஸ்ஸில் எல்லாரும் ஒரே கட்டணத்துக்குச் சுமக்கப்படுகிறோம். ஓட்டுநருக்குச் சம்பளமும் வாரத்தில் ஒரு நாள் விடுப்பும் உண்டு. அந்த நாளில் அவர் இதே பஸ்ஸில் ஏறி இதே மலைக்கு வரலாம். மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்துக்கு ஒரு முழு ஓய்வு நாள் தரச் சொல்கிறது. ஆக, இதற்கு இரண்டு சோதனைகள் வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். என்னைச் சுமப்பவருக்கும் அவருடைய முறை வருமா? முறை வரும்போது அவருக்கும் வழி திறந்திருக்குமா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் என் சும்மா யாருடைய தோளிலும் உட்காரவில்லை. இன்றைய பினாங்கில் என் பதில் பாதி ஆமாம். வழி திறந்திருக்கிறது. முறை எல்லாருக்கும் வருவதில்லை. ஓய்வு நாளிலும் ஓவர்டைம் செய்தால்தான் வாடகை கட்ட முடியும் என்கிறவருக்கு அந்த நாள் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது.

என் அம்மா விஷயம் வேறு. அவர் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். விடிவதற்கு முன் பெரட்டுக்கு ஓடி, நிரை நிரையாகப் பால்மரம் வெட்டிய குடும்பம். அவருக்குச் சரிவு என்றால் வேலை. பின்னால் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு வந்தார். பஸ் என்றாலும் வேலை, ஃபேக்டரி பஸ். நான் தனியாகக் காட்டுக்குப் போவது அவருக்குப் பிடிக்காது. பாம்பு, வழுக்கல், ஆம்பளைங்க என்று வரிசையாகச் சொல்வார். பயம் நியாயமானது, ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. ஒரு பெண் காரணமில்லாமல் வெளியே இருக்கிறாள் என்பதுதான் அவருக்கு உறுத்தல். கடைக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், வேலைக்குப் போகலாம். சும்மா போக முடியாது. ஆண் பிள்ளைகள் ஒட்டுக்கடையில் மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பதை யாரும் கணக்கு எடுத்ததில்லை.

அதே அம்மா மூன்று தைப்பூசங்களுக்குத் தண்ணீர்மலை ஏறியிருக்கிறார். பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள், தலையில் பால்குடம். என் எஸ்.பி.எம். பரீட்சைக்கு நேர்ந்துகொண்டது. ஒரு நாள் அவரிடம் கேட்டேன், மேலே போய் என்ன செய்வீங்க என்று. "கும்புடுவேன். உனக்கு வேண்டிக்குவேன்." அப்புறம்? "அப்புறம் என்ன, ஒரு ஓரமா உக்காந்திருப்பேன். கடல் தெரியும். காத்து நல்லா இருக்கும். யாரும் கூப்பிட மாட்டாங்க."

யாரும் கூப்பிட மாட்டார்கள். எனக்கு அந்த வாக்கியம் போதும். நான் தேடிப் போகும் சும்மா அவரிடம் எப்போதோ இருந்திருக்கிறது. வேண்டுதல் என்ற அனுமதிச் சீட்டுக்குள் அதை மடித்து வைத்திருந்தார். ஓய்வு கேட்க உரிமை இல்லாதவர்கள் அதைக் கடவுள் பெயரில் எடுத்துக்கொண்டார்கள். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் சதுரகிரி அடிவாரத்துக்கு விடப்படும் சிறப்புப் பேருந்துகளில் நெருக்கியடித்துப் போகிறவர்களிலும், பூண்டி பஸ்ஸில் மூங்கில் கழியோடு வெள்ளியங்கிரிக்குப் போகிறவர்களிலும், அப்படி மடித்து வைத்திருப்பவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். பக்தி பொய் என்று சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பசியும் உட்கார்ந்திருந்தது என்கிறேன். அதனால் முதலில் சொன்னதைத் திருத்திக்கொள்ள வேண்டும். மூன்றாவது காரணம் புதிதாக வந்ததில்லை. அதைப் பெயர் சொல்லிக் கேட்கும் துணிச்சல்தான் புதிது.

தகுதி பற்றிய கேள்விக்கு இப்போது என்னால் சொல்ல முடிந்த பதில் இது. மலையைப் பார்க்க யாரும் தகுதி பெற வேண்டியதில்லை. வியர்த்துப் பெறுவதும் இல்லை, ரசித்துப் பெறுவதும் இல்லை, வேண்டிக்கொண்டு பெறுவதும் இல்லை. ஊருக்குத்தான் ஒரு கடமை இருக்கிறது. வழியைத் திறந்து வைப்பது, வருகிறவர்களுக்கு ஒரு நாளை விட்டுவைப்பது. மலையின் அடிவாரத்தில் ஒரு பஸ் நிறுத்தப் பலகை நடுகிற ஊர் அந்தக் கடமையில் முதல் பாதியைச் செய்திருக்கிறது. இரண்டாவது பாதி ஹோட்டல் அறைகளிலும் ஃபேக்டரிகளிலும் சம்பளப் பட்டியல்களிலும் கிடக்கிறது. மலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதையும் பேச வேண்டும்.

அத்தைக்கு விடுப்பு செவ்வாய்க்கிழமை. அன்றும் 10-ஆம் எண் ஓடும். வாங்க என்று நானும் கூப்பிட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்கிறார். வராமல் அவர் அன்று நன்றாகப் படுத்துத் தூங்கினாலும் சரிதான். அதுவும் சும்மாதான், அதற்கும் அவர் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.